இரண்டாம் கியர்

பாலையூற்று இன்பமலர் காரை விற்கச் சம்மதித்தபோது ஒரேயொரு நிபந்தனைதான் போட்டாள். கியர்க் கம்பியின் உச்சியில் இருக்கும் கறுப்பு உருண்டையை, அந்த நொப்பை, அவள் கழற்றி வைத்துக்கொள்வாள். மிச்சமெல்லாம் வாங்குகிறவருக்கு.

வாங்க வந்த கிண்ணியா அன்ஸார் நல்ல மனுசன். ஐம்பது வயதிருக்கும். நடக்க ஏலாத தாயைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக ஒரு பழைய கார் கிடைத்தால் போதுமென்று தேடித் திரிந்தவர். “நொப்புத்தானேக்கா, எடுங்க. நான் வரக்குள்ள புதுசொண்டு வாங்கிட்டு வாறன்” என்றார். ஏன் என்று கேட்கவில்லை. அது இன்பமலருக்குப் பெரிய உதவி. கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பாள்.

சனிக்கிழமை பின்னேரம் வந்து எடுப்பதாகப் பேச்சு. வெள்ளிக்கிழமை காலையில் இன்பமலர் தகரக் கொட்டிலுக்குள் போய், கார்க் கதவைத் திறந்து, நொப்பைப் பிடித்துத் திருகினாள். அது அசையவில்லை. இரண்டு கையாலும் திருகினாள். அசையவில்லை. அசையாது என்று அவளுக்கு முதலே தெரிந்திருக்க வேண்டும். அதை ஒட்டியது அவள் புருசன்.

டொமினிக் படகு திருத்துகிறவர். பைபர் போட்டுகளில் ஓட்டை விழுந்தால் ரெசின் குழைத்து அடைத்துக் கொடுப்பார். கடலுக்குள் இறங்கிய படகு பிரியக்கூடாது என்பதற்காகச் செய்த பிசின் அது. அதை அவர் வாளிப்பிடிக்கும் போட்டார், செருப்புக்கும் போட்டார், மாதா சுருவத்தின் உடைந்த விரலுக்கும் போட்டார். இது ரெசின் போடுகிற இடமா என்று ஒருக்கால் யோசிக்கிற ஆள் அந்தக் கடற்கரையில் இன்னும் பிறக்கவில்லை. அவர்களுக்கு உலகத்தில் இரண்டு வகைச் சாமான்தான் உண்டு: ரெசின் போட்டது, இனிமேல் போட இருப்பது.

நொப்புக்கு ரெசின் போட ஒரு காரணமும் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பலகாமம் போகிற வழியில், வளைவில் ஒரு யானை நின்றது. பின்னுக்கு எடுக்க டொமினிக் ரிவேர்ஸ் போட்டார். நெடுநாளாகத் திருகுப் புரி தேய்ந்திருந்த நொப் கையோடு வந்துவிட்டது. யானை இவர்களைப் பார்த்தது, டொமினிக் நொப்பைப் பார்த்தார், இன்பமலர் யானையையும் புருசனையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் மொட்டைக் கம்பியைப் பிடித்து எப்படியோ பின்னுக்கு எடுத்துத் தப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ரெசினைக் குழைத்தார். இறுக்கும் மருந்தை வழக்கத்தை விடக் கூடவே ஊற்றினார். காய்ந்ததும் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, “இனி நொப்பில கயிறு கட்டிக் காரையே தூக்கலாம்” என்றார். அவர் பெருமை பேசியது குறைவு. பேசிய அந்த ஒன்று இப்படி வந்து முடிந்தது.

நொப் ஏன் வேண்டும் என்பதை இன்பமலர் ஒருவருக்கும் சொல்லவில்லை. அவள் கணக்கில் அது சொல்லக்கூடிய விசயமே இல்லை.

கார் வாங்கிய புதிதில் இரண்டாம் கியர் சண்டித்தனம் பண்ணும். ஒருநாள் நடுத்தெருவில் நின்றுகொண்டு டொமினிக், “இஞ்ச, உன்ர கையையும் ஒருக்காப் போடு” என்றார். பக்கத்து சீற்றில் இருந்த அவள் வலது கையை நொப்பின் மேல் வைத்தாள். அவர் தன் இடது கையை அதற்கு மேல் வைத்து இழுத்தார். கியர் விழுந்தது. அடுத்த தடவையும் அப்படியே செய்தார்கள். பிறகு கராஜில் விட்டுக் கியர்ப் பெட்டியைத் திருத்தியாயிற்று. இரண்டாம் கியர் ஒற்றை விரலுக்கும் விழத் தொடங்கியது. ஆனால் கையை எடு என்று அவர் சொல்லவில்லை, எடுக்கட்டுமா என்று அவளும் கேட்கவில்லை.

மற்றபடி அவர்கள் அப்படிப்பட்ட சோடியே இல்லை. டொமினிக் குசினிக்குள் வந்தால் தேத்தண்ணிக்கு வந்திருப்பார். தேத்தண்ணி கிடைத்ததும் போய்விடுவார். கோயிலில் அவர் ஆம்பிளையள் பக்கம், அவள் பொம்பிளையள் பக்கம். தெருவில் நடந்தால் முன்னுக்கு அவர், பின்னுக்கு அவள். கலியாணப் படத்தில்கூட இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மாதிரித்தான் நிற்கிறார்கள். ஞாயிறு பூசை முடிந்து தம்பலகாமத்துக்குத் தயிர் வாங்கப் போகிற வழியில் மட்டும், வீடுகள் குறைந்து வயல்வெளி தொடங்கியதும், அவர் கை நொப்பை விட்டுவிட்டுப் பக்கத்தில் சும்மா கிடக்கும். அவள் கையை வைத்ததும் மேலே வந்து மூடும். வழி முழுக்க ஒரு கதையும் இராது. எஞ்சின் சத்தம் ஏறும்போது அவர் கிளச்சை மிதிப்பார், இரண்டு கையும் சேர்ந்து கியரைப் போடும். இப்படியே வருசக்கணக்காய் நடந்தது. தயிர் கிடைக்காத காலத்திலும் தயிர் வாங்கப் போனார்கள். டொமினிக்குக்குத் தயிர் என்றால் உயிர் என்று ஊரெல்லாம் நினைத்தது. உண்மையில் தயிர் தின்றால் அவருக்குச் சளி பிடிக்கும்.

போன மாரியில் ஒரு மத்தியானம் கதிரையில் இருந்தவர் நெஞ்சைப் பிடித்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிந்துவிட்டது. செத்தவீட்டில் இன்பமலர் அழவில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி காணுமா, கதிரை போதுமா, கனடாவிலிருந்து ஓடிவந்த மகள் அஞ்சலினா ஏதும் சாப்பிட்டாளா என்று பார்த்துக்கொண்டு திரிந்ததில் நேரம் போய்விட்டது. யாரோ ஒருத்தி, “கல்லு மாதிரி நிக்கிறாள்” என்று சொன்னது அவள் காதிலும் விழுந்தது. பிறகு எல்லாரும் போனார்கள். அஞ்சலினாவும் போனாள். அழுவதற்கு வீடு முழுக்க இடம் இருந்தது, நேரமும் இருந்தது. அழுகைதான் வரவில்லை. அவள் கூட்டினாள், சமைத்தாள், ஒரு கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். பகல் முழுக்க வாய் திறக்காமல் இருந்துவிட்டு, பின்னேரம் யாராவது கூப்பிட்டால் முதற்சொல் தொண்டையில் சிக்கும்.

கார் கொட்டிலுக்குள் நின்றது. எலி வயரைக் கடிக்கத் தொடங்கியது. “அம்மா, ஓடத் தெரியாத உங்களுக்கு என்னத்துக்குக் கார்? எலி தின்ன முதல் குடுங்கோ” என்று அஞ்சலினா போனில் சொன்னாள். மகள் சொன்னது நியாயம். அது நியாயமாக இருந்ததுதான் இன்பமலருக்குக் கோபம். ஆனாலும் யோசித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தாள். காரைக் கொடுக்கலாம். அந்தக் கையைக் கொடுக்கக்கூடாது. அது நொப்பில்தான் இருக்கிறது என்று அவள் நம்பினாள்.

ஆகவே வெள்ளிக்கிழமை முழுக்க நொப்போடு மல்லுக்கட்டினாள். துவாய்த் துணி சுற்றித் திருகினாள். தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவைத்துத் திருகினாள், எண்ணெய் வழுக்கிக் கைதான் கதவில் இடித்தது. அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டாள். அவர் தொலைந்ததைத் தேடித் தருகிற புனிதர். ஒட்டியதைக் கழற்றித் தருவதற்கு யாரைப் பிடிக்க வேண்டுமென்று அவளுக்குத் தெரியவில்லை. பின்னேரம் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. வேலிக்கு அங்கால் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு லோஜினி, “என்னக்கா, அதுக்குள்ள தங்கம் கிங்கம் ஒளிச்சு வச்சிருக்கோ?” என்று கேட்டாள்.

“ஓம், கட்டியாக் கிடக்கு. வந்து ஒரு கை பிடியும்” என்றாள் இன்பமலர். லோஜினிக்கு உடனே அடுப்பில் ஏதோ கருகியது.

சனிக்கிழமை விடிந்ததும் சந்திக் கராஜிலிருந்து இராகுலன் வந்தான். கெட்டிக்காரன்தான், ஆனால் பொறுமை அவனுக்கு எட்டாத சாமான். சீற்றில் ஏறி நொப்பைப் பார்த்ததுமே சிரித்தான்.

“இது மாமாவின்ர ரெசின் வேலை. சும்மா கழராது அன்ரி.” பல்லுக் குறட்டைத் தூக்கி நொப்பில் வைத்தான்.

“அது கடிக்கும். காயம் விழும்” என்று இன்பமலர் அவன் கையைப் பிடித்தாள்.

“அப்ப ரெண்டு வழிதான் இருக்கு. நொப்பை உடைக்கலாம். இல்லாட்டிக் கம்பியைக் கீழ வெட்டி எடுத்துப்போட்டு, வாங்குறவருக்கு நாளைக்கு வேற கம்பி வெல்ட் பண்ணிக் குடுக்கலாம்.”

“கம்பியை வெட்டினா அந்தத் தம்பி இண்டைக்கு என்னெண்டு வீட்டை போறது? உடைக்கவும் வேண்டாம். எனக்கு முழுசா வேணும்.”

“கடையில வடிவான நொப் எவ்வளவு கிடக்கு அன்ரி. இதில அப்பிடி என்ன இருக்கு?”

“சும்மாதான்.”

“சும்மாவுக்கு இவ்வளவு பாடோ?” இராகுலன் குறட்டைப் பைக்குள் போட்டான். அவனுக்குக் கோபமில்லை. அவசரம்தான். வேறு வேலை காத்துக் கிடந்தது. போகும்போது சீற்றில் ஒரு பழைய ரியூப் ரப்பர்த் துண்டைப் போட்டுவிட்டு, “இதைச் சுத்திப் பிடிச்சா வழுக்காது. ஆனா ஏலாது அன்ரி, சொல்லிப்போட்டன்” என்றான்.

அவன் போனபின் இன்பமலர் கார்க் கதவைச் சாத்தினாள். தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. அறுபதை நெருங்குகிற வயதில், ஒரு கறுப்பு உருண்டைக்காக ஊரைக் கூட்டிக்கொண்டு நிற்கிறேனே என்று நினைத்தாள். பிறகு, ஆத்திரம் வந்தால் வழக்கமாகச் செய்வதைச் செய்தாள். குசினிக்குப் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தாள்.

அந்தக் கேத்திலின் பக்கத்தில் ஒரு ரெசின் சொட்டு உண்டு. ஒருமுறை டொமினிக் அவளைக் கேளாமல் கேத்திலைக் கடற்கரைக்குக் கொண்டுபோய், அதில் ஒரு சொட்டு விழுத்திக் கொண்டுவந்தார். அதற்காக அவள் அவரோடு கதைக்காமலே இருந்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை என்பது வேறு கதை. கேத்தில் ஆறி இருக்கும்போது அந்தச் சொட்டு கல்லு மாதிரி இருக்கும். தண்ணீர் கொதிக்கும்போது மட்டும் இளகும். தேத்தண்ணிக்குக் காத்து நிற்கும்போதெல்லாம் அதில் நகத்தை அழுத்தி அழுத்தி எடுப்பது அவள் பழக்கம். சொட்டு முழுக்க நகக்குறி. அன்றைக்கும் யோசனை எங்கோ இருக்க, நகத்தை அழுத்தினாள். நகம் இறங்கியது.

இன்பமலர் தேயிலைப் பேணியை அப்படியே வைத்துவிட்டு, கேத்திலைத் துணியால் பிடித்துக்கொண்டு கொட்டிலுக்கு நடந்தாள்.

நொப்பைச் சுற்றி, உடுத்துக் கழித்த பழைய சாரத் துண்டைக் கட்டினாள். கீழே துவாயைப் பரப்பினாள். கொதிநீரைக் கொஞ்சங் கொஞ்சமாக ஊற்றினாள். துணி ஆறினால் பிழிந்துவிட்டு மறுபடி ஊற்றினாள். கேத்தில் முடிந்து, இன்னொரு கேத்திலும் முடிந்தது. காருக்குள் ஈரத்துணியும் எண்ணெயும் கலந்து மணந்தது. பிறகு ரப்பர்த் துண்டைச் சுற்றி, கால்களை ஊன்றி, இரண்டு கையாலும் திருகினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி ஊற்றினாள், மறுபடி திருகினாள். உள்ளே ஏதோ ஒன்று முனகியது. நொப் ஒரு மயிரிழை திரும்பியது. அதற்குப் பிறகு அவள் விடவில்லை. பிள்ளைக்குத் தலைவாரும்போது சிக்கெடுக்கிற மாதிரி, கொஞ்சம் சூடு, கொஞ்சம் திருகல் என்று போய், கடைசியில் நொப் அவள் கைக்குள் வந்தது. கீறல் இல்லை, வெடிப்பு இல்லை. முழுசாக வந்தது.

வீட்டுக்குள் கொண்டுபோய் மேசையில், டொமினிக்கின் படத்துக்கு முன்னால் வைத்தாள். அது உருண்டு கரைக்குப் போனது. எட்டிப் பிடித்தாள். கதிரையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, வலது கையை அதன் மேல் வைத்தாள்.

ஒன்றும் இல்லை. ஒரு கத்தரிக்காயைப் பிடித்திருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும். நொப் எப்போதும் அவள் கைக்குக் கீழேதான் இருந்தது. டொமினிக்கின் கை இருந்தது மேலே. அந்த மேல்பக்கத்தில் இப்போது காற்றுத்தான் பட்டது. நொப்பில் ஒரு நடுக்கமும் இல்லை. எஞ்சின் கம்பி வழியாக ஏறிவந்து உள்ளங்கையில் நடுங்கும், அதுவும் போயிருந்தது. இன்பமலர் இடது கையை எடுத்து வலது கையின் மேல் வைத்துப் பார்த்தாள். பூசையில் கும்பிடுகிற மாதிரி இருந்ததே தவிர வேறொன்றும் இல்லை. வீட்டில் தனியாக இருக்கிறோம் என்பது அவளுக்குப் புதிதல்ல. ஆனால் அன்றைக்குத்தான் அது முழுசாகத் தெரிந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது.

பின்னேரம் அன்ஸார் ஒரு பற்றரியையும், பளபளவென்று சிவப்புக் கல் வைத்த ஒரு புது நொப்பையும் கொண்டுவந்தார். பற்றரி பூட்டினார், எஞ்சின் இருமி இருமி வேலை செய்தது. நொப்தான் சரிவரவில்லை. தேய்ந்த புரியில் அது பிடிக்காமல் சுற்றிச் சுற்றி வந்தது.

“பரவால்லக்கா. மொட்டைக் கம்பியோட ஓடுவன்” என்றார்.

இன்பமலர் உள்ளே போய்ப் பழைய நொப்பை எடுத்து வந்தாள். “தம்பி, இதையே போட்டுக்கொண்டு போங்கோ. அந்தக் கம்பிக்கு இதுதான் பிடிக்கும்.”

“ஆசைப்பட்டு எடுத்தீங்க.”

“நான் நினைச்சது இதில இல்லை” என்றாள் அவள்.

மறுபடி கேத்தில் கொதித்தது. ரெசின் நொப்புக்குள் அந்தத் தேய்ந்த புரியை அச்செடுத்து வைத்திருந்தது. சூடேற்றித் திருகியதும், நொப் தன் இடத்தைத் தெரிந்த மாதிரி இறங்கி இறுகியது. அன்ஸார் பிடித்து ஆட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். அவர் சீற்றில் ஏறப்போகும்போது இன்பமலர் கேட்டாள்:

“தம்பி, சீனன்குடா ஸ்டேஷனடி மட்டும் நானும் வரட்டோ? பஸ்ஸில திரும்பி வந்திடுவன்.”

“அதுக்கென்னக்கா, வாங்க.” மரியாதைக்குப் பின்கதவைத் திறந்துவிட்டார். இன்பமலர் அதைச் சாத்திவிட்டு முன்னுக்கு ஏறினாள். வேலிக்கு மேலால் லோஜினியின் தலை எழும்பியது. ஒரு கிழமைக்கு அவளுக்கு வேறு கதை தேவைப்படாது.

வாசல் படலையைத் தாண்டியாயிற்று. முதலாம் கியரில் கார் முனகிக்கொண்டு தெருவுக்கு ஏறியது. அன்ஸார் கிளச்சை மிதித்து இரண்டாம் கியருக்கு இழுத்தார். கறகறவென்றது, விழவில்லை. நெடுநாள் நின்ற காருக்குப் பழைய சண்டித்தனம் திரும்பியிருந்தது. மறுபடி இழுத்தார். விழவில்லை. பின்னால் ஒரு ஓட்டோ ஹோர்ன் அடித்தது.

“கையை எடுங்கோ தம்பி” என்றாள் இன்பமலர். அவர் எடுத்தார். அவள் வலது கையை நொப்பில் வைத்தாள். “இப்ப மிதியுங்கோ.”

அவர் மிதித்தார். அவள் கொஞ்சம் தன் பக்கம் சாய்த்து, பிறகு கீழே இழுத்தாள். கியர் விழுந்தது. எஞ்சின் நடுக்கம் உள்ளங்கைக்கு வந்தது.

அன்ஸார் கையைத் திரும்பக் கொண்டுவரவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். சத்தம் ஏறியதும் ஒன்றும் சொல்லாமல் கிளச்சை மிதித்தார். அவள் மூன்றாம் கியரைப் போட்டாள். லொறியொன்று குறுக்கே வந்தது, குறைத்தார்கள். திரும்ப இரண்டாம், திரும்ப மூன்றாம். குடாத் தண்ணீர் மரங்களுக்கிடையில் தெரிந்து மறைந்தது. தூரத்தில் ஒரு கப்பல் நின்றது.

“உங்களுக்கு ஓட்டத் தெரியுமாக்கா?”

“இல்லை. இது மட்டுந்தான் தெரியும்.” தெருவைப் பார்த்தபடியே சொன்னாள். “அவரும் நானும் சேந்துதான் கியர் போடுறனாங்கள். என்ர கைக்கு மேல அவர் கை வைப்பார். அவ்வளவுதான். அதுக்காகத்தான் தயிர் வாங்கப் போறனாங்கள்.”

ஒருவருக்கும் சொல்லாததை ஒரு முன்பின் தெரியாத மனுசனுக்குச் சொல்லிவிட்டாள். அன்ஸார் அவள் பக்கம் திரும்பவில்லை. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். அதனால் இன்னொரு தடவை கியர் மாற்ற வேண்டி வந்தது.

சீனன்குடா ஸ்டேஷனடியில் கார் நின்றது. இன்பமலர் நொப்பை நியூட்ரலில் விட்டு, கையை எடுத்து, இறங்கினாள். “அம்மாவைக் கவனமாப் பாருங்கோ தம்பி. எலிக்கு மருந்து வையுங்கோ.”

“நீங்களும் பாத்து இரிங்கக்கா” என்றார் அவர்.

கார் நகர்ந்தது. இன்பமலர் தெருவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் ஏறி, எஞ்சின் இரண்டாம் கியரைக் கேட்டது. கறகறவென்றது. அவளுடைய கை சேலைக்குள் இறுகியது. இன்னொருமுறை கறகறவென்றது. பிறகு விழுந்துவிட்டது. அன்ஸார் தனியாகவே போட்டுவிட்டார். கார் வளைவில் திரும்பி, மூன்றாம் கியரும் விழுந்து, சத்தம் குறைந்து இல்லாமல் போனது.

பஸ் தரிப்பிடத்தில் வேறு ஒருவரும் இல்லை. தேத்தண்ணி கொடுக்கவோ கதிரை போடவோ அங்கே யாரும் வரப்போவதில்லை. இன்பமலர் சீமெந்து வாங்கில் உட்கார்ந்து, வெறும் கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, டொமினிக்குக்காக அழுதாள். திருகோணமலை பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் எட்டிப் பார்த்து, “ஏறுறீங்களா அம்மா?” என்றான். அவள் தலையை ஆட்டி அதை அனுப்பிவிட்டாள். இன்னும் அழுது முடியவில்லை.